மைக்ரோகன்ட்ரோலர் யூ.எஸ்.பி. செயலமர்வு: செருகிய முதல் விநாடியைப் பிடியுங்கள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எங்கே நடந்தாலும், ஒரு நாள் செயலமர்வில் கைவேலைக்குக் கிடைப்பது ஐந்தாறு மணித்தியாலம்தான். மென்பொருள் இறக்குவதையும் கேபிள் தேடுவதையும் மண்டபத்துக்குப் போன பிறகு வைத்துக்கொண்டால் அதில் பாதி போய்விடும். பின்னேரம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழும்பும்போது கையில் மிஞ்சுவது யாரோ எழுதிய உதாரண நிரல் ஒன்று மட்டும். அது ஏன் ஓடுகிறது, எங்கே முறியும் என்பது தெரியாது.

யூ.எஸ்.பி.யில் புதியவர்களைத் திணறடிக்கும் பிழைகளில் பெரும்பாலானவை, கேபிளைச் செருகிய முதல் ஒரு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும். அந்த விநாடியில் லெப்டொப் என்ன கேட்டது, பலகை (மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு பொருத்திய சிறு மின்சுற்று) என்ன சொன்னது என்று வாசிக்கத் தெரிந்தால் மீதியை வீட்டில் இருந்தே படித்துக்கொள்ளலாம். ஆகவே செயலமர்வில் உங்கள் இலக்கை அந்த ஒரு விநாடியோடு சுருக்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பலகை

ஏற்பாட்டாளர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே யூ.எஸ்.பி. இருக்கிறதா? ஆர்டுயினோ யூனோவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். யூனோவில் நீங்கள் நிரல் எழுதும் ஏடிமெகா328பி சில்லுக்கு யூ.எஸ்.பி. தெரியாது. பக்கத்தில் இருக்கும் ஏடிமெகா16யூ2 அல்லது சிஎச்340 தான் லெப்டொப்போடு பேசுகிறது. உங்கள் நிரலுக்கு வருவது வெறும் சீரியல், அதாவது பிட் பிட்டாக வரும் எளிய தொடர்பு. முதல் தலைமுறை ஈஎஸ்பி32 பலகைகளிலும் இதே கதை. ஏடிமெகா32யூ4 கொண்ட லியனார்டோ, புரோ மைக்ரோ, ஈஎஸ்பி32-எஸ்2, எஸ்3, ராஸ்பெரி பை பிக்கோ ஆகியவற்றில் யூ.எஸ்.பி. உள்ளேயே இருக்கிறது.

தெரிவு உங்கள் கையில் என்றால் பிக்கோவை எடுங்கள். அதன் ஆர்பி2040 சில்லில் துவக்க நிரல் அழிக்க முடியாத நினைவகத்தில் இருக்கிறது. எவ்வளவு மோசமான நிரலை ஏற்றினாலும், வெள்ளைப் பொத்தானை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் 'ஆர்பிஐ-ஆர்பி2' என்ற பெயரில் ஒரு டிரைவாக எழும்பி வரும். புதிய யூஎஃப்2 கோப்பை (பலகையில் ஏற்றும் நிரல் கோப்பு) அதில் இழுத்துப் போட்டால் போதும். நிரல் ஏற்றத் தனியாக ஒரு புரோகிராமர் கருவி தேவையில்லை.

எஸ்டிஎம்32எஃப்103 பொருத்திய 'புளூ பில்' மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் யூ.எஸ்.பி. படிக்க அது முதல் பலகை அல்ல. யூ.எஸ்.பி.யின் இரண்டு தரவுக் கம்பிகளான டி பிளஸ், டி மைனஸ் என்பவற்றில் டி பிளஸ் கம்பியில் 1.5 கிலோஓம் இருக்க வேண்டிய ஆர்10 மின்தடைக்குப் பதிலாக 10 கிலோஓம் போட்டு விற்ற பலகைகள் ஏராளம். சில லெப்டொப்புகள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. நிரலில் பிழை தேடியே நாள் முடிந்துவிடும். அந்தச் சில்லின் உள் துவக்க நிரலால் யூ.எஸ்.பி. வழியாக நிரல் ஏற்றவும் முடியாது.

பையில் போட வேண்டியவை

இரண்டு பிக்கோ, பிரெட்போர்டில் செருகும் ஊசிகள் (பின்) ஒட்டியதாக. முதல் பிக்கோ உங்கள் சோதனைப் பலகை. இரண்டாவதில் 'டீபக் புரோப்' நிரலை ஏற்றினால் அது ஒரு யூ.எஸ்.பி.-சீரியல் பாலமாகிவிடும். இரண்டாவதற்குப் பதில் 3.3 வோல்ட் சீரியல் அடாப்டர் இருந்தாலும் சரி. 5 வோல்ட் அடாப்டர் வேண்டாம், பிக்கோவின் பின்கள் அதைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

எதற்கு இந்தச் சீரியல்? யூ.எஸ்.பி.யைத்தான் பழுது பார்க்கிறீர்கள். அந்த யூ.எஸ்.பி. விழுந்து கிடக்கும்போது அதன் வழியாகவே பிழைச் செய்தியை அனுப்ப முடியாது. வேறு ஒரு பாதை வேண்டும். சோதனைப் பலகையின் 1ஆம் பின் அனுப்பும் கம்பி, 2ஆம் பின் வாங்கும் கம்பி, 3ஆம் பின் கிரவுண்ட். 1ஆம் பின்னை பாலமாக இருக்கும் பிக்கோவின் ஜிபி5 என்ற பின்னுக்கும், 2ஆம் பின்னை ஜிபி4க்கும், கிரவுண்டைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். வேகம் விநாடிக்கு 115200 பிட். மின்சாரக் கம்பியை மட்டும் இரண்டு பலகைகளுக்கும் இடையே போடாதீர்கள். போட்டால், சோதனைப் பலகையின் கேபிளைப் பிடுங்கினாலும் அது அணையாது. புதிதாகச் செருகிப் பார்க்கிறோம் என்று நினைப்பீர்கள், ஆனால் பழைய நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள் இரண்டு, ஒரு மீற்றருக்கு மேற்படாமல். கைபேசியை சார்ஜ் செய்ய மட்டும் வரும் கேபிள்களுக்குள் தரவுக் கம்பிகளே இருக்காது. பலகையில் விளக்கு எரியும், லெப்டொப்பில் ஒரு சலனமும் இராது. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏதாவது ஒரு பழைய கைபேசியை அந்தக் கேபிளால் இணைத்துப் படங்களை நகலெடுத்துப் பாருங்கள். நகலெடுத்த கேபிளில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடையாளம் வையுங்கள்.

மலிவான யூ.எஸ்.பி. 2.0 ஹப் ஒன்று. பிரெட்போர்டில் கம்பி தவறி ஷோர்ட் ஆனால் அடி முதலில் ஹப்புக்கு விழட்டும்.

இவை தவிர பிரெட்போர்ட், பத்துப் பதினைந்து ஜம்பர் கம்பி, ஒரு தட்டு பொத்தான், மல்டிமீற்றர். நீட்டிப்புக் கம்பியையும் மறக்க வேண்டாம். பள்ளிக்கூட மண்டபங்களில் சுவருக்கு ஒரு பிளக்தான் இருக்கும். உருண்டைப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து கிடக்கும் நாடு இது, அதற்கான அடாப்டரும் ஒன்று. இந்தச் சாமான்கள் டவுன் கடைகளில் உடனே கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு யாராவது போகும்போது சொல்லிவிடுங்கள், அல்லது கூரியரில் இரண்டு வாரம் முன்பே எடுப்பியுங்கள். இடையில் போயா நாள் வந்தால் இன்னும் தள்ளும்.

செயலமர்வுக்கு முந்திய கிழமையில் செய்து முடிக்க வேண்டியது

லெப்டொப்பில் நிர்வாகி உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். அலுவலக லெப்டொப், பாடசாலை லெப்டொப் என்றால் இதை முதலில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் டிரைவர் நிறுவ முடியாமல் நாள் முழுக்கப் பார்வையாளராக உட்கார நேரும்.

விஎஸ் கோட் (நிரல் எழுதும் மென்பொருள்), அதில் பிக்கோ நீட்சி, ஆர்ம் கம்பைலர் (நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றுவது), பிக்கோ எஸ்டிகே (பிக்கோவுக்கான நிரல் தொகுப்பு) எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபிக்கு மேல் போகலாம். மலைக்கு நடுவே சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடத்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில் அதை இறக்க முடியாது. வீட்டிலும் சிக்னல் இல்லையென்றால் டவுனுக்குப் போகும் நாளில் இறக்கிவிடுங்கள். எஸ்டிகேயைக் கிட் (Git) என்ற மென்பொருள் மூலம் கையால் எடுப்பவர்கள் சப்மொடியூல்களையும் (உள்ளே இணைந்த துணைத் தொகுப்புகள்) எடுக்க வேண்டும். யூ.எஸ்.பி. வேலையைப் பார்க்கும் டைனியூஎஸ்பி நூலகம் அதற்குள்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் விளக்கு மினுக்கும் உதாரணம் ஒழுங்காகக் கட்டப்படும் (பில்ட் ஆகும்), யூ.எஸ்.பி. உதாரணம் மட்டும் முறியும்.

எல்லாம் நிறுவிய பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு, பில்ட் அடைவை அழித்து, ஒரு யூ.எஸ்.பி. உதாரணத்தை மறுபடி கட்டிப் பாருங்கள். அப்போதும் யூஎஃப்2 கோப்பு வந்தால் நீங்கள் தயார்.

வின்டோஸில், உரையாடலைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கோடு, அதற்கு யூ.எஸ்.பி. தரவைப் பிடித்துக் கொடுக்கும் யூஎஸ்பிபிகேப்பையும் நிறுவுங்கள், பின் மீளத் துவக்குங்கள். லினக்ஸில் 'யூஎஸ்பிமொன்' கர்னல் மொடியூலை ஏற்றினால் போதும். முடிந்தால் ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். வின்டோஸ் "சாதனம் அடையாளம் காணப்படவில்லை" என்று கையை விரிக்கும் இடத்தில் லினக்ஸ் காரணத்தை எண்ணோடு சொல்லும்.

அந்த முதல் விநாடி

தோட்டத்துக் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிடும் வரை யாரும் வாய் திறப்பதில்லை. யூ.எஸ்.பி.யும் அப்படித்தான்: பலகை ஒருபோதும் தானாகப் பேசாது. லெப்டொப் கேட்கும், பலகை பதில் சொல்லும். விசைப்பலகையில் நீங்கள் எழுத்தை அழுத்தினாலும், லெப்டொப் அடுத்த முறை கேட்கும் வரை அந்த எழுத்து காத்துக்கொண்டு நிற்கும். பெரட்டில் செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவேடு) எண் இல்லாமல் வேலை இல்லாதது போல, இங்கும் முகவரி எண் வாங்கும் வரை எல்லாப் புதுப் பலகைகளுக்கும் முகவரி 0.

நடப்பது இந்த வரிசையில். பலகை டி பிளஸ் கம்பியை 1.5 கிலோஓம் வழியாக உயர்த்துகிறது. விநாடிக்கு 12 மெகாபிட் வேகச் சாதனம் ஒன்று வந்திருக்கிறது என்று லெப்டொப் அறிகிறது. (1.5 மெகாபிட் சாதனமென்றால் டி மைனஸ் உயரும்.) லெப்டொப் இரண்டு கம்பிகளையும் தாழ்த்தி ரீசெட் கொடுக்கிறது. பிறகு முதல் கேள்வி, எட்டு பைட்:

80 06 00 01 00 00 40 00

எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16ஐ அடியாகக் கொண்ட எண்கள். 80 என்றால் 'எனக்குத் தா'. 06 என்றால் 'டிஸ்கிரிப்டரை', அதாவது பலகை தன்னைப் பற்றிச் சொல்லும் விவர அட்டவணையை. அடுத்த இரண்டு பைட்டுகளைத் திருப்பி வாசித்தால் 0100, அதாவது முதல் வகை, சாதன டிஸ்கிரிப்டர். கடைசியில் 0040, அதாவது 64 பைட் வரை. பலகையின் பதில் இப்படித் தொடங்கும்:

12 01 00 02 00 00 00 40

12 ஹெக்ஸ் என்பது 18, டிஸ்கிரிப்டரின் முழு நீளம். 00 02ஐத் திருப்பினால் யூ.எஸ்.பி. 2.0. எட்டாவது பைட்டான 40, 'ஒரு தடவையில் 64 பைட் வாங்குவேன்' என்கிறது. லெப்டொப்புக்கு இப்போதைக்கு வேண்டியது அந்த எட்டாவது பைட்தான்.

அடுத்து முகவரி. 00 05 05 00 00 00 00 00 என்று வந்தால் 'இனி உன் எண் 5'. சில்லின் பதிவேடுகளை நேரடியாகத் தொட்டு எழுதுகிறவர்கள் விழும் பெரிய குழி இது. முகவரியைக் கேட்டவுடன் மாற்றக் கூடாது. 'சரி' என்ற வெற்றுப் பதிலைப் பழைய முகவரி 0இல் இருந்து அனுப்பி முடித்த பிறகுதான் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் அந்தச் 'சரி' லெப்டொப்புக்குப் போய்ச் சேராது. டைனியூஎஸ்பி இதைத் தானே பார்த்துக்கொள்ளும். பிக்கோ உதாரணங்களில் உள்ள 'டெவ் லோலெவல்' நிரலைத் திறந்தால் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒன்று கவனிக்க: வயர்ஷார்க்கில் இந்த முகவரி வரியைக் காணவில்லையே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். யூ.எஸ்.பி. 3 கட்டுப்பாட்டுச் சில்லுள்ள லெப்டொப்புகளில் அதை அந்தச் சில்லே அனுப்பிவிடுவதால் பதிவில் தெரியாது.

பின்னர் 80 06 00 02 00 00 09 00, அமைப்பு டிஸ்கிரிப்டரின் முதல் 9 பைட். எளிய விசைப்பலகை ஒன்றின் பதில்:

09 02 22 00 01 01 00 80 32

இந்த வரியைக் கையால் எழுதிப் பழகுங்கள். 09 நீளம், 02 வகை. 22 00ஐத் திருப்பினால் 0022, அதாவது 34: இந்த 9, இன்டர்ஃபேஸுக்கு (சாதனத்தின் ஒரு பணி) 9, எச்ஐடிக்கு (விசைப்பலகை, மவுஸ் வகை) 9, எண்ட்பொயின்டுக்கு (தரவு போய்வரும் வாசல்) 7. கடைசி 32 என்பது 50. அலகு 2 மில்லியாம்பியர், ஆகவே கேட்பது 100 மில்லியாம்பியர். இன்னொரு எண்ட்பொயின்டைச் சேர்த்துவிட்டு 34ஐ 41 ஆக்க மறப்பது வகுப்பில் ஒருவருக்காவது நடக்கும். லெப்டொப் 34 பைட் மட்டும் வாங்கும், புது எண்ட்பொயின்ட் இருப்பதே அதற்குத் தெரியாது. நீளத்தைக் கையால் எண்ணாமல் நிரலே கூட்டும்படி எழுதிவிடுங்கள்.

முழு அமைப்பையும் வாங்கிய பிறகு 00 09 01 00 00 00 00 00 வரும். அதோடு பலகை வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

வகுப்பில் இதைப் பதிவு செய்யும் முறை: பலகையைப் பிடுங்கி வையுங்கள். வயர்ஷார்க்கில் யூஎஸ்பிபிகேப் இடைமுகத்தின் அமைப்பில் 'புதிதாக இணைக்கப்படும் சாதனங்கள்' என்ற தெரிவு டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவைத் தொடங்குங்கள். அதன் பிறகு செருகுங்கள். செருகிவிட்டுத் தொடங்கினால் அந்த விநாடி போய்விட்டது. முதலில் ஓடுகிற உதாரணத்தைப் பதிவு செய்து, கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பைட்டை மட்டும் வேண்டுமென்றே கெடுத்து மறுபடி பதிவு செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் கிடைக்கும் படிப்பு, பத்து ஸ்லைட் பார்ப்பதில் கிடைக்காது.

ஓடாதபோது

லினக்ஸின் கர்னல் செய்திகளில் வரும் எண்ணை முதலில் பாருங்கள். -71 வந்தால் கம்பி, கேபிள், கடிகாரம் பக்கம் சந்தேகப்படுங்கள். பதில் சிதைந்து வருகிறது அல்லது வரவேயில்லை. 12 மெகாபிட் வேகத்துக்குக் கடிகாரப் பிழை 0.25 வீதத்துக்குள் இருக்க வேண்டும். கிரிஸ்டல் இல்லாமல், திருத்தமும் இல்லாமல் ஓடும் உள் அலையியற்றி அதற்குப் போதாது. -110 என்றால் நேரம் கடந்துவிட்டது, பெரும்பாலும் உங்கள் நிரல் எங்கோ சிக்கி நிற்கிறது. -32 என்றால் பலகையே 'முடியாது' என்று மறுத்திருக்கிறது. கேட்ட டிஸ்கிரிப்டரை நீங்கள் கொடுக்கவில்லை. இவை கறாரான விதிகள் அல்ல, தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கான கைகாட்டி.

-110க்கு மிகச் சாதாரணமான காரணம், நிரலின் பிரதான சுழற்சியில் ஒரு விநாடி 'ஸ்லீப்' போட்டு விளக்கு மினுக்குவது. டைனியூஎஸ்பியின் 'டியூடி டாஸ்க்' என்ற செயற்கூறு அடிக்கடி ஓடினால்தான் கேள்விகளுக்குப் பதில் போகும். விளக்கை நேரக் கணக்குப் பார்த்து மினுக்குங்கள், தூங்க வைக்காதீர்கள்.

'லோ ஸ்பீட்' சாதனம் என்று செய்தி வந்தால், நீங்கள் செய்ததோ ஃபுல் ஸ்பீட் என்றால், டி பிளஸும் டி மைனஸும் இடம் மாறியிருக்கின்றன. சொக்கட்டைக் கையால் ஒட்டியவர்களுக்கு இது வரும். அப்படிக் கையால் ஒட்டிய எதையும் செருகும் முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீற்றரால் ஷோர்ட் பாருங்கள்.

வின்டோஸில் கோட் 43 என்றால் முதல் டிஸ்கிரிப்டர்களிலேயே தகராறு. கோட் 10, எச்ஐடி சாதனத்தில் வந்தால், அனுப்பும் தரவின் அமைப்பைச் சொல்லும் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரைப் பாருங்கள். நிரலைத் திருத்திய பிறகும் பழையபடியே நடந்தால் குற்றம் உங்கள் திருத்தத்தில் இல்லாமல் இருக்கலாம். அதே விற்பனையாளர் எண், தயாரிப்பு எண், பதிப்பு எண்ணோடு முன்பு வந்த சாதனத்தைப் பற்றி வின்டோஸ் சிலவற்றை நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள், அல்லது டிவைஸ் மேனேஜரில் சாதனத்தை அகற்றிவிட்டுச் செருகுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வயர்ஷார்க் காட்டுவது இயங்குதளம் அறிந்ததை மட்டுமே. கம்பியில் சிதைந்த பொதிகளும் 'இப்போது இல்லை, பிறகு கேள்' என்ற பதில்களும் அதில் வராது. மலிவான 24 மெகாஹெர்ட்ஸ் லொஜிக் அனலைசரால் (கம்பியில் ஓடும் சமிக்ஞையைப் பதிவு செய்யும் கருவி) லோ ஸ்பீடை அழகாகப் பார்க்கலாம். ஃபுல் ஸ்பீடில் ஒரு பிட்டுக்கு இரண்டு மாதிரிதான் கிடைக்கும், நம்ப முடியாது.

தமிழில் பெயர் வைப்பது

சாதனத்தின் பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். பெயர் டிஸ்கிரிப்டர் யூடிஎஃப்-16 எழுத்துக் குறியீட்டில் போகிறது, அதில் ஒரு தமிழ்க் குறிக்கு இரண்டு பைட். 'தேயிலை' நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று ஆறு. ஆறிரண்டு பன்னிரண்டு, தலைப்புக்கு இரண்டு, மொத்தம் 14 பைட். ஆனால் உதாரண நிரலில் உள்ள சரத்தை அப்படியே தமிழாக மாற்றினால் லெப்டொப்பில் குப்பை வரும். அந்த நிரல் ஒரு பைட் ஒரு எழுத்து என்று நினைத்து நகலெடுக்கிறது, யூடிஎஃப்-8இல் தமிழுக்கோ ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 16 பிட் எண்களாக நேரே எழுதிவிடுவதே சுலபம்.

விசைப்பலகைப் பயிற்சியில் இன்னொரு வேடிக்கை. பலகை அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் இடத்தை. 04 அனுப்பினால் ஆங்கில அமைப்பில் முதல் எழுத்து வரும். லெப்டொப் தமிழ்99இல் இருந்தால் 'அ' விழும். ரெங்கநாதன் அமைப்பில் இருந்தால் வேறொன்று. நிரலைக் குறை சொல்லும் முன் மொழிப் பட்டையைப் பாருங்கள். விசை அழுத்தியதைச் சொல்லும் அறிக்கைக்குப் பின் எட்டுப் பூச்சியங்கள் கொண்ட அறிக்கையையும் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விசை அழுந்தியபடியே நின்று திரை முழுக்க அதே எழுத்து ஓடும். எதற்கும் ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்பும்படி எழுதுங்கள். புரோ மைக்ரோவில் இந்த வெறி பிடித்தால் ரீசெட்டை இரண்டு முறை விரைவாகத் தட்டி, கிடைக்கும் 8 விநாடிக்குள் வேறு நிரலை ஏற்ற வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோக

பிற்பகல் தேநீருக்கு முன்பே ஓடிய நிரல், ஓடாத நிரல், இரண்டின் வயர்ஷார்க் கோப்புகள், பயிற்றுநரின் ஸ்லைட்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இறங்கத் தொடங்கினால் லெப்டொப் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டு பற்றரியில் வேலை செய்யுங்கள். மின்வெட்டு வந்தாலும் பற்றரி காப்பாற்றும், முதல் நாள் இரவு நிரப்பிக்கொண்டு வந்திருந்தால்.

பழகுவதற்கு நல்ல வேலை, கொழுந்துத் தராசு. நிறை உணரியும், அதன் அளவை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 பலகையும், பிக்கோவும் போதும். எச்எக்ஸ்711ஐ 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள், 5 வோல்ட்டில் ஓட்டினால் அதன் தரவுக் கம்பியும் 5 வோல்ட்டை பிக்கோவுக்குள் தள்ளும். நிறையை விசைப்பலகை போல நேரே விரிதாளில் தட்டச்சு செய்ய வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் அந்த நேரத்தில் வேறு ஜன்னல் திறந்திருந்தால் எண் அங்கே போய் விழும், கணக்கில் ஒருவரின் கிலோ காணாமல் போகும். ஆகவே சிடிசி (யூ.எஸ்.பி. வழியாகப் போகும் சீரியல்) ஆக அனுப்பி, லெப்டொப்பில் ஒரு சிறு நிரலால் வாங்கி, நேரத்தோடு கோப்பில் எழுதுங்கள். வின்டோஸ் 10இல் இருந்து சிடிசிக்குத் தனி டிரைவர் தேவையில்லை. பதிவேடுகளைத் தொட்டு நீங்களே எழுதும் நிரல் என்றால், அனுப்பும் தொகுதி சரியாக 64 பைட்டின் மடங்காக முடியும்போது பின்னால் ஒரு வெற்றுப் பொதியையும் அனுப்புங்கள். அது வரும் வரை 'இன்னும் இருக்கிறது' என்று லெப்டொப் கடைசி வரியைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கக்கூடும்.